சில்க் போர்டும் தொப்பூர் கணவாயும்: மின்வாகனத்துக்கு எந்த ஒத்தியங்கு மோட்டார்?

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலம், நாமக்கல், ஈரோடு என்று ஊருக்குக் கிளம்பும் தமிழர்களுக்கு இரண்டு இடங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒன்று சில்க் போர்டு சந்திப்பு. மற்றொன்று தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாய். முதல் இடத்தில் வண்டி பத்தடி நகர்ந்தால் மறுபடி நிற்கும். இரண்டாவது இடத்தில், ஊருக்குப் போகும்போது வண்டியை இறக்கத்தில் அடக்கிப் பிடிக்க வேண்டும், திரும்பும்போது நெடுநேரம் ஏற்ற வேண்டும். ஒரே வாகனம் ஒரே நாளில் இவ்விரண்டையும் கடக்கிறது. மின்வாகனத்துக்கு மோட்டார் தேர்ந்தெடுக்கும் பொறியாளரின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரே இயந்திரத்தைப் பொருத்தமாக்குவதுதான். விளம்பரத் தாளில் அச்சிடப்படும் '96 சதவீதச் செயல்திறன்' ஏதோ ஒரு வேகத்தில், ஏதோ ஒரு சுமையில் மட்டும் கிடைக்கும் உச்ச எண். அந்தப் புள்ளி சில்க் போர்டிலும் இல்லை, தொப்பூரிலும் இல்லை.

மாவு மில்லில் ஓடும் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பார்த்தவர்கள் அதில் 1440 என்ற எண்ணைக் கவனித்திருப்பார்கள். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், மோட்டாரின் அசையாத பாகமான, நான்கு துருவம் கொண்ட ஸ்டேட்டருக்குள் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. உள்ளே சுழலும் பாகமான ரோட்டரோ 1440 முறைதான் சுழல்கிறது. அது தூண்டல் மோட்டார். அதன் ரோட்டர் புலத்தைத் துரத்திக்கொண்டே ஓடும், எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டரில் மின்னோட்டம் தூண்டப்படுவது நின்று இழுவிசையும் போய்விடும். பின்தங்கும் அந்த 60 சுற்றுகளின் கணக்கு முழுவதும் ரோட்டருக்குள் வெப்பமாக மாறுகிறது. சுழல்கின்ற பாகத்தின் உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுவது, அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரின் வெப்பத்தை வெளியேற்றுவதைவிடப் பலமடங்கு சிரமம். ஒத்தியங்கு மோட்டார் எனப்படும் சின்க்ரனஸ் மோட்டாரில் ரோட்டர் தனக்கென்று காந்தத் துருவங்களை வைத்திருக்கிறது, அல்லது காந்தப்புலம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் கடினமாகவும் புகும்படி தன் இரும்பை வடிவமைத்துக்கொள்கிறது. அதனால் புலம் 1500 சுற்றினால் ரோட்டரும் 1500 சுற்றும். தூண்டப்பட்ட மின்னோட்டமும் அதன் வெப்பமும் ரோட்டரில் இல்லை. பழைய கூரை விசிறி 75 வாட் எடுத்துக்கொண்டதும், இன்று 'பிஎல்டிசி' என்று விற்கப்படும், ரோட்டரில் காந்தம் வைத்த விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருவதும் பெருமளவுக்கு இந்த வேறுபாட்டால்தான். இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: ஒத்தியங்கு இயந்திரம் காருக்குப் புதிய விருந்தாளி அல்ல. இன்றைய பெட்ரோல், டீசல் கார்களில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டர், ரோட்டரில் காயில் சுற்றிய ஒத்தியங்கு இயந்திரமே.

பெங்களூரின் சொந்த வரலாற்றிலேயே இந்த மாற்றத்தின் படிகள் தெரிகின்றன. 2001-இல் இந்நகரத்திலிருந்து வெளிவந்த ரேவா கார் நேர்மின்னோட்ட மோட்டாரில் ஓடியது. அதன் வழித்தோன்றலாக 2013-இல் வந்த மஹிந்திரா ஈ2ஓ, மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) தூண்டல் மோட்டாரைப் பயன்படுத்தியது. 2018-இல் ஏத்தர் 450 ஸ்கூட்டர், ரோட்டரில் நிரந்தரக் காந்தம் வைத்த நிலைக்காந்த ஒத்தியங்கு மோட்டாரோடு இங்கே சாலைக்கு வந்தது. வெளிநாட்டிலும் இதே போக்குதான்: 2008-இன் டெஸ்லா ரோட்ஸ்டரும் 2012-இன் மாடல் எஸ்ஸும் தூண்டல் மோட்டாரில் ஓடின; 2017-இல் மாடல் 3 வந்தபோது அந்நிறுவனமே நிலைக்காந்தத்துக்கு மாறிவிட்டது. பேட்டரி விலை உயர்ந்ததாக இருக்கும்வரை, மோட்டாரில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு வாட்டும் பேட்டரியில் மிச்சமாகும் பணம் என்பதே இதன் பின்னணி.

ஆனால் 'நிலைக்காந்த மோட்டார்' என்று சொல்லிவிட்டால் தேர்வு முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை மின்வண்டியாக மாற்ற விரும்பிய நண்பருக்காகச் சக்கரத்துக்குள்ளேயே பொருந்தும் ஹப் மோட்டார் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். '1500 வாட்' என்று எழுதியிருந்தது. தொடர்ந்து எத்தனை நிமிடம் என்று கேட்டேன். கடைக்காரர், "அண்ணா, 1500 வாட்னா 1500 வாட்தான்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் மேல் அதற்கு மேல் ஒன்றும் அச்சிடப்படவில்லை. மோட்டார் சில நொடிகளுக்குத் தரக்கூடிய உச்சத் திறன் வேறு, சூடேறிக் கெடாமல் தொடர்ந்து தரக்கூடிய திறன் வேறு. இந்தியத் தரநிலையான ஏஐஎஸ் 041, நிகரத் திறனோடு 30 நிமிட அதிகபட்சத் திறனையும் தனியாக அளக்கச் சொல்வது இதற்காகவே. வாங்குபவர் கேட்க வேண்டிய எண் அந்த இரண்டாவது எண்.

அந்த ஸ்கூட்டருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் இருவரும் சேர்ந்து 260 கிலோ என்று வைத்துக்கொண்டால், சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஒரு கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவான திறனே சக்கரத்தில் தேவைப்படும். அதே வண்டி 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற வேண்டுமானால் தேவை இரண்டரை கிலோவாட்டைத் தாண்டிவிடுகிறது. அதைவிட முக்கியமானது டார்க் எனப்படும் திருப்புவிசை: 12 அங்குலச் சக்கரம் கொண்ட அந்த வண்டியில் ஏற்றத்துக்கு ஏறத்தாழ 75 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஹப் மோட்டார் பொதுவாகப் பற்சக்கரம் இல்லாமல் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதால், அந்த 75-ஐயும் தானே தந்தாக வேண்டும். நடுவில் பொருத்திய மோட்டார், பெல்ட் வழியாகவோ பற்சக்கரம் வழியாகவோ 8-க்கு 1 என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டால், இழப்பையும் சேர்த்துச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் தந்தால் போதும்; பதிலுக்கு நிமிடத்துக்கு 340 சுற்றுக்குப் பதிலாக 2700 சுற்றுச் சுழல வேண்டும். ஒரு மோட்டாரின் பருமனை முடிவுசெய்வது அதன் திறன் அன்று, அதன் திருப்புவிசை. இரும்பும் செம்பும் காந்தமும் திருப்புவிசைக்கு ஏற்பவே கூடுகின்றன. ஆகவே வேகமாகச் சுழலும் சிறிய மோட்டாரும் ஒரு பற்சக்கரப் பெட்டியும் சேர்ந்து, மெதுவாகச் சுழலும் பெரிய மோட்டாரைவிட எடை குறைவாக அமைய முடியும்.

டொயோட்டாவின் பிரியஸ் இதற்கு நல்ல சான்று. அதன் இரண்டாம் தலைமுறையில் இழுவை மோட்டார் 50 கிலோவாட், 400 நியூட்டன் மீட்டர், அதிகபட்சம் நிமிடத்துக்கு 6,000 சுற்று. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் திறன் 60 கிலோவாட்டாக உயர்ந்தது. திருப்புவிசையோ 207 நியூட்டன் மீட்டராகப் பாதியளவு குறைந்தது. இடையில் ஒரு பற்சக்கரத் தொகுதியைச் சேர்த்து, சுழற்சியை 13,500 வரை உயர்த்தியதுதான் உத்தி. திறன் கூடியும் மோட்டார் சிறிதாயிற்று.

வேகமாகச் சுழற்றலாம் என்று முடிவுசெய்தவுடன் காந்தத்தை ரோட்டரில் எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. ரோட்டரின் மேற்பரப்பில் ஒட்டிவைத்தால் அமைப்பு எளிது, திருப்புவிசை சீராக இருக்கும். ஆனால் சுழற்சி கூடக்கூடக் காந்தத் துண்டுகளை வெளியே பிய்த்தெறியும் விசையும் கூடுவதால், அவற்றை இறுக்கிப் பிடிக்க மேலே ஓர் உறை வேண்டும். இரும்புத் தகடுகளில் பொந்து வெட்டி உள்ளே செருகிவைத்தால் இரும்பே காந்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. அதோடு எதிர்பாராத ஒரு லாபமும் கிடைக்கிறது. காந்தப் பொருள் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழக் காற்றைப் போன்ற தடை; இரும்போ திறந்த வழி. காந்தம் புதைந்த திசையில் தடை அதிகமாகவும், இரண்டு துருவங்களுக்கு இடைப்பட்ட திசையில் தடை குறைவாகவும் இருப்பதால், ரோட்டர் தடை குறைந்த திசையை ஸ்டேட்டரின் புலத்தோடு நேராக்கிக்கொள்ள முயல்கிறது. அந்த முயற்சியும் ஒரு திருப்புவிசை. காந்தத்தின் இழுப்பு ஒன்று, இரும்பின் வடிவம் தரும் இழுப்பு மற்றொன்று என இரண்டும் கூடுவதால் குறைவான காந்தத்தில் அதிக வேலை வாங்க முடிகிறது. இன்று கார்களில் பெருமளவு பயன்படுவது இந்த உட்புதை காந்த வகைதான். இரண்டு இழுப்புகளையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை, மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை ஆளும் கன்ட்ரோலர் நொடிக்குப் பல்லாயிரம் முறை கணக்கிட வேண்டியிருக்கிறது. மலிவான கன்ட்ரோலரோடு நல்ல மோட்டாரை இணைப்பவர்கள் தாங்கள் விலை கொடுத்த இரண்டாவது இழுப்பைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது தொப்பூருக்கு வருவோம். நிலைக்காந்த ரோட்டர் சுழலும்போது, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஸ்டேட்டரில் சுற்றிய செப்புக் கம்பியில் (வைண்டிங்) ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேகம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். ஒரு வேகத்தில் அது பேட்டரியின் அழுத்தத்தை எட்டிப்பிடித்துவிடும். அதன்பின் மோட்டாருக்குள் மின்னோட்டத்தைத் தள்ள வழியில்லை. அந்த வேகத்தையும் தாண்ட வேண்டுமானால், ஸ்டேட்டர் மின்னோட்டத்தின் ஒரு பகுதியைக் காந்தத்துக்கு எதிராகத் திருப்பி, காந்தம் வலுக்குறைந்ததுபோல நடந்துகொள்ளச் செய்ய வேண்டும். புலத்தளர்ச்சி என்று இதைச் சொல்லலாம். அதிக விலை கொடுத்து வாங்கிய காந்தத்தை அடக்கிவைக்க பேட்டரியிலிருந்து மறுபடி மின்சாரம் செலவழிக்கும் வேடிக்கை இது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் காரில் இந்தச் செலவு சிறியதன்று. ஆபத்தும் உண்டு. இறக்கத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலர் திடீரென்று செயலிழந்தால், அடக்கிவைத்திருந்த அழுத்தம் முழுவதும் வெளிப்பட்டு, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கான மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரின் டயோடுகள் வழியே பேட்டரிக்குள் பாயும். வண்டியும் எதிர்பாராமல் பிரேக் பிடித்ததுபோல இழுக்கும். இதற்கு மாற்றாக, மூன்று கட்ட முனைகளையும் ஒன்றாக இணைத்துவிடும் பாதுகாப்பு முறை கையாளப்படுகிறது. அதிவேகத்தில் அப்போது எழும் பிரேக் விசை குறைவுதான், ஆனால் அந்தச் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தை மோட்டாரும் அதன் காந்தமும் தாங்க வேண்டும். நெடுநேரம் அதிவேகத்தில் ஓடும் வாகனத்துக்கு வலுவான காந்தமே நல்லது என்று நினைப்பது ஏன் தவறு என்பது இங்கே விளங்கும்.

சில்க் போர்டில் தொல்லை வேறு மாதிரியானது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது, பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகியே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்திவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சுழலாத ஒத்தியங்கு மோட்டாரில் மூன்று கட்ட மின்னோட்டம் மாறி மாறிப் பாயாமல் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கிறது. சாதாரணமாக மூன்று வைண்டிங்குகளும் பகிர்ந்துகொள்ளும் சூட்டின் பெரும்பகுதி ஒன்றிலேயே குவிந்துவிடலாம்; இன்வெர்ட்டரிலும் அதற்குரிய ஒரே டிரான்சிஸ்டர் பெருஞ்சுமையை ஏற்க நேரிடும். அந்த நிலையில் மோட்டாரின் செயல்திறன் சரியாகப் பூச்சியம்: மின்சாரம் எல்லாம் வெப்பம், வேலை ஒன்றுமில்லை. இதற்காகவே நகர வாகனத்தின் இன்வெர்ட்டரை வெறும் உச்சத் திறனை வைத்து அளவிடாமல், நின்றபடி தாங்க வேண்டிய திருப்புவிசையை வைத்தும் அளவிட வேண்டியிருக்கிறது.

என்ஜினும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கலப்பின (ஹைபிரிட்) வாகனங்களில் தேர்வு இன்னும் நுட்பமானது. பெங்களூருக்கு அருகில் பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைரைடரில் பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி மட்டுமே. ஆனால் மோட்டார் 59 கிலோவாட், 141 நியூட்டன் மீட்டர். மின்சாரத்தைச் சேமித்துவைத்து ஓட்டும் வண்டி அல்ல அது. பிரேக் பிடிக்கும்போது கிடைப்பதைச் சட்டென்று வாங்கி, புறப்படும்போது சட்டென்று திருப்பித் தருவதுதான் அதன் வேலை. ஆகவே சிறிய பேட்டரிக்குப் பெரிய மோட்டார். இழுவை மோட்டார் பற்சக்கரங்கள் வழியே சக்கரங்களோடு நிரந்தரமாகப் பிணைந்திருப்பதால், என்ஜின் மட்டுமே வேலை செய்யும்போதும் காந்தம் தாங்கிய ரோட்டர் சும்மா சுழன்றுகொண்டே இருக்கிறது. அப்போதும் ஸ்டேட்டர் இரும்பில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் அங்கே இழப்பு உண்டு, பயனில்லாத இழுவையாக. முழு மின்வாகனத்தில் மோட்டார் சும்மா இருக்கும் நேரம் குறைவு. கலப்பினத்தில் அது நாள்தோறும் நடப்பது. இரண்டு மோட்டார் கொண்ட டெஸ்லா மாடல் 3-இல் பின்சக்கரங்களுக்கு நிலைக்காந்த மோட்டாரும், முன்சக்கரங்களுக்குத் தூண்டல் மோட்டாரும் வைத்தது இந்தக் கணக்கில்தான்: தேவையில்லாதபோது மின்னோட்டத்தை நிறுத்தினால் தூண்டல் மோட்டாரில் காந்தமே இருக்காது, இழுவையும் இருக்காது. கலப்பினத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. மோட்டார் பெரும்பாலும் என்ஜினுக்கு ஒட்டி அமர்ந்திருப்பதால் சூடு வெளியிலிருந்தும் வருகிறது.

சூடுதான் காந்தத்தின் எதிரி. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம், இன்று வணிகத்தில் கிடைப்பவற்றுள் மிக வலியது. 150 பாகை செல்சியசுக்கு அது சூடேறினால், வலிமையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஆறினால் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் எதிர்ப்புலத்தைத் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் அதே சூட்டில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பலமான எதிர் மின்னோட்டம் பாய்ந்தால் காந்தம் தன் வலிமையில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கும், ஆறினாலும் திரும்பாது. இதைத் தடுக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்னும் கனரக அருமண் (ரேர் எர்த்) தனிமங்களைச் சிறிதளவு சேர்ப்பார்கள். சேர்த்தால் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் கூடும், காந்த வலிமை கொஞ்சம் குறையும், விலை ஏறும். பெங்களூரின் இதமான காற்றில் சோதித்துத் தேறிய வண்டி வேலூரின் மே மாத வெயிலில் ஓட வேண்டும் என்பதை மறக்கும் வடிவமைப்பாளர், இந்தச் சிறிதளவை இன்னும் சிறிதாக்கப் பார்ப்பார்.

2025 ஏப்ரல் 4 அன்று சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமக் கட்டுப்பாடு விதித்தபோது, அதுவரை பொறியாளர்களின் கவலையாக இருந்த விஷயம் கொள்முதல் பிரிவின் கவலையாயிற்று. இந்திய மின் இருசக்கர வாகன உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. நமக்கு அருமண் இல்லாமல் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார்; இன்றும் அங்கே மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் இயங்குகிறது. ஆனால் மோனசைட்டில் மிகுதியாக இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலகு வகைகள். டிஸ்ப்ரோசியம் மிகமிகக் குறைவு. கையில் மணல் இருப்பதற்கும் காந்தம் இருப்பதற்கும் நடுவே பிரித்தெடுத்தல், உலோகமாக்கல், தூளாக்கி அழுத்திச் சுடுதல் என்று பல ஆலைகள் வேண்டும். ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் உற்பத்தி செய்வதற்கான 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில்தான் ஒப்புதல் தந்தது.

வேறு வழிகள் ஏற்கெனவே சாலையில் இருக்கின்றன. ஹோண்டா 2016-லேயே கனரக அருமண் சேர்க்காத காந்தத்தை ஃபிரீட் கலப்பினக் காரில் பயன்படுத்தியது. ரெனோ ஜோயியும், ஐஎக்ஸ்3-இலிருந்து பிஎம்டபிள்யூவும் காந்தத்தையே விட்டுவிட்டு, ரோட்டரில் செப்புக் காயில் சுற்றி அதற்குத் தனியாக மின்னோட்டம் கொடுக்கும் முறைக்குச் சென்றன. நமது ஆல்டர்நேட்டரின் அண்ணன் என்று அதைச் சொல்லலாம். நெடுஞ்சாலையில் புலத்தைத் தளர்த்த வேண்டுமானால் அந்த மின்னோட்டத்தைக் குறைத்தால் போதும், காந்தத்தோடு சண்டையில்லை. விலையாக ரோட்டரில் செப்பு இழப்பையும், மின்னோட்டத்தைக் கொண்டுசேர்க்கும் பிரஷ் அமைப்பையும் ஏற்க வேண்டும். காரில் இதற்கு இடமுண்டு. ஸ்கூட்டரில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காந்தமும் காயிலும் இல்லாமல் இரும்பின் வடிவத்தை மட்டும் நம்பும் மோட்டார்களைப் பெங்களூரின் சாரா டெக்னாலஜீஸ் போன்ற இளம் நிறுவனங்கள் உருவாக்கிவருகின்றன. அவற்றில் ரோட்டர் மலிவு, சூட்டுக்கு அஞ்சாதது. ஆனால் அதே வேலைக்கு அதிக மின்னோட்டம் தேவைப்படுவதால் இன்வெர்ட்டர் பெரிதாகிறது. மோட்டாரில் மிச்சப்படுத்தியதை இன்வெர்ட்டரில் கொடுத்துவிடுகிறோமா என்பதை ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இருசக்கர வாகனத்துக்கு எனக்கு நம்பிக்கை தருவது நடுவழி: வடிவத்தால் வரும் இழுப்பைப் பெரும்பங்காக வைத்து, மலிவான ஃபெரைட் காந்தத்தைத் துணைக்குச் சேர்க்கும் ரோட்டர். ஒலிபெருக்கிகளில் இருக்கும் கறுப்புக் காந்தம்தான் ஃபெரைட். செவர்லே வோல்ட் காரின் இரண்டாம் தலைமுறை தன் இரண்டு மோட்டார்களில் ஒன்றில் அதைப் பயன்படுத்திக் காட்டியது. பெங்களூரின் ஓலா எலக்ட்ரிக் தன் ஃபெரைட் மோட்டாருக்குச் சான்று கிடைத்துவிட்டதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. காந்தப்புல வலிமையின் அலகான டெஸ்லாவில் சொன்னால், நியோடிமியம் காந்தம் 1.2 முதல் 1.4 டெஸ்லா வரை தருமென்றால் ஃபெரைட் தருவது ஏறத்தாழ 0.4 டெஸ்லா, அதனால் மோட்டார் சற்று நீளும், எடை ஏறும், பற்சக்கர விகிதத்தை உயர்த்த வேண்டிவரும். சோதனைக்களமும் இடம் மாறும். எதிர்ப்புலத்தைத் தாங்கும் ஆற்றல் ஃபெரைட்டுக்குச் சூட்டில் கூடுகிறது, குளிரில் குறைகிறது. வேலூர் வெயிலுக்குக் கலங்காத அந்த மோட்டாரை ஜனவரி மாதத்தில் லடாக்கின் லே நகரில், பனி உறைந்த காலையில், முதல் முறுக்கிலேயே முழு மின்னோட்டம் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.